சுடுகாட்டுப் பூவும் அரை டன் இலையும்

பொதட்டூர்பேட்டையில் நித்தியகல்யாணி இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதுமில்லை. குழாயடி ஈரத்தில் ஒன்று, தறிக்கூடத்துச் சுவர் விரிசலில் ஒன்று, குப்பை மேட்டில் நாலு என்று அது பாட்டுக்கு நிற்கும். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போய்விடும். அவ்வளவு கசப்பு. வருஷம் முழுக்கப் பூப்பதால் நித்தியகல்யாணி என்று ஒரு பெயர். சமாதி மேட்டில் தானாகப் படர்வதால் சுடுகாட்டுப் பூ என்று இன்னொரு பெயர். கல்யாணத்தையும் சுடுகாட்டையும் ஒரே செடிக்குச் சூட்டியவர்கள் நம்மவர்கள்தான்.

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அதில் ஒருவர் கொஞ்ச நாளாக இந்தப் பூவில் ஐந்தாறு பறித்துக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். "மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்று பெருமையாக வேறு சொன்னார். அவருக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தச் செடியின் கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, சர்க்கரையை விட்டுவிட்டுக் கதை வேறு எங்கோ போயிற்று.

புதுவையில் பிரெஞ்சு மொழிவழிப் பள்ளியில் படித்தவன் நான். உத்தியோகமும் அங்கேதான். ஓய்வு பெற்ற பிறகே மனைவியின் ஊரான இங்கே வந்து சேர்ந்தேன். பள்ளியில் 'பெர்வாஞ்ச்' என்ற பூவைப் பற்றிப் பாடம் வரும். ரூசோ தன் சுயசரிதையில் அந்தப் பூவைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதால் அதற்கு அங்கே ஒரு தனி மரியாதை. அது ஐரோப்பாவின் குளிர்நாட்டுக் கொடி, நீலப் பூ. நம் நித்தியகல்யாணி அதற்கு உறவு, அதுவே அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பெர்வாஞ்ச் த மதகாஸ்கர்' என்பார்கள். பெயரே சொல்கிறது, இதன் பிறந்த வீடு மதகாஸ்கர் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் இதன் விதை பாரீசில் ராஜாவின் தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து லண்டனில் செல்சி மருந்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பிலிப் மில்லரிடம் போனது. 1759-ல் லின்னேயஸ் இதற்கு லத்தீனில் பெயர் வைத்தார். நம் வீட்டு வேலியில் நிற்பதால் நம் மண்ணின் செடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிளகாயையும் அப்படித்தான் நினைக்கிறோம்.

செடி போன நாடுகளில் எல்லாம் ஏழைகள் இதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்திருக்கிறார்கள். இந்தியாவில், தென்னாப்பிரிக்காவில், பிலிப்பைன்சில், மேற்கிந்தியத் தீவுகளில். இத்தனை ஊரில் இத்தனை பேர் சொன்னால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். கனடாவில் ஒருவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவர் பெயர் கிளார்க் நோபிள், டொராண்டோவில் டாக்டர். இவரைப் பற்றி அங்கே ஒரு கதை வழங்குகிறது. 1921-ல் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பேன்டிங்குக்கு உதவியாளராக யார் முதலில் போவது என்று இரண்டு மாணவர்கள் காசு சுண்டிப் பார்த்தார்களாம். ஜெயித்தவர் சார்ல்ஸ் பெஸ்ட், இன்சுலினோடு அவர் பெயரும் சரித்திரத்தில் நின்றுவிட்டது. தோற்ற மாணவர்தான் இந்தக் கிளார்க் நோபிள். முப்பது வருஷம் கழித்து, 1952-ல், ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை அவர் கைக்கு வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலை 25. அங்கே சர்க்கரைக்கு இதைத்தான் தேநீர் போலக் குடிக்கிறார்கள் என்ற செய்தியும் கூடவே. தான் ஓய்வு பெற்றுவிட்டபடியால் உறையைத் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். தம்பி லண்டன் என்ற ஊரில், அதாவது கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள லண்டனில், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அந்தக் கூடத்தின் தலைவர் கோலிப். இன்சுலினை முதன்முதலில் மனிதருக்கு ஏற்றும் அளவுக்குச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர் அவர். சர்க்கரை நோய்க்கு ஒரு மூலிகையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான வீடு உலகத்தில் கிடைக்காது.

சோதித்தார்கள். இலைச் சாற்றை வாய்வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. ஒருவேளை வயிற்றில் கெட்டுப்போகிறதோ என்று எலிகளுக்கு ஊசியாக ஏற்றினார்கள். சர்க்கரை அப்போதும் இறங்கவில்லை. எலிகள்தான் ஒரு வாரத்துக்குள் செத்தன.

நான் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். இந்த இடத்தில் என்ன குறிப்பு எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். 'கோரிய பலன் கிட்டவில்லை, கோப்பை முடிக்கலாம்.' ராபர்ட் நோபிள் முடிக்கவில்லை. எலிகள் ஏன் செத்தன என்று பார்த்தார். கிருமித் தொற்றால் செத்திருந்தன. தொற்றை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. அவை உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையே அடங்கிப் போயிருந்தது. வெள்ளை அணுக்களை இப்படி அடக்குகிற சரக்கு ஒன்று இலையில் இருக்கிறது என்றால், வெள்ளை அணுக்கள் வெறிபிடித்துப் பெருகுகிற ஒரு நோய்க்கு அது உதவாதா? இரத்தப் புற்றுநோய் அப்படிப்பட்ட நோய். அன்றைக்கு அது வந்த குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிடுவதே வழக்கம்.

இனித்தான் கஷ்டமான வேலை. இலையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இலையில் எது? நித்தியகல்யாணியில் ஆல்கலாய்டு என்கிற கசப்புச் சத்துகள் மட்டும் 130-க்கு மேல் இருக்கின்றன. அந்தக் கும்பலிலிருந்து ஒரே ஒருவரைத் தனியே கூப்பிட்டு நிறுத்த வேண்டும்.

இந்தக் கலைக்கு வழிபோட்டவர்களில் முன்னால் நிற்பவர்கள் பாரீஸ் மருந்துக் கடைக்காரர்கள் இருவர் என்பதை ஒரு பழைய பிரெஞ்சுப் பள்ளி மாணவனாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெல்த்தியே, காவாந்து என்று பெயர். 1820-ல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தார்கள். அதற்குப் பின்னால்தான் நீலகிரியில் 1860 முதல் சிங்கோனா நட்டதும், நடுவட்டத்தில் கொயினா காய்ச்சியதும். அதுவரை மருந்து என்றால் பட்டை, வேர், இலை. ஒரு மரத்துப் பட்டையில் வீரியம் அதிகம், அடுத்த மரத்தில் கம்மி. இவர்கள் வந்த பிறகு மருந்து என்றால் தராசில் நிறுக்கக்கூடிய ஒரு வெள்ளைப் பொடி. இன்று எத்தனை, நாளைக்கு எத்தனை என்று டாக்டர் எழுதிக் கொடுக்க முடிந்தது. பாரீசில் இருவருக்கும் சிலை வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் உலோகத்துக்காக அதை உருக்கிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

முறை கேட்பதற்குச் சுலபம். காய்ந்த இலையைப் பொடித்துக் கரைப்பானில் ஊற வைப்பது. ஆல்கலாய்டுக்கு ஒரு குணம், புளிப்புச் சேர்ந்தால் உப்பாக மாறித் தண்ணீரில் கரையும். காரம் சேர்ந்தால் தண்ணீரை விட்டுக் கரைப்பானுக்குத் தாவும். இப்படி இரண்டு மூன்று தடவை இங்கும் அங்கும் தாவவிட்டால் பச்சையம், மெழுகு, சர்க்கரை எல்லாம் பின்தங்கி ஆல்கலாய்டுகள் மட்டும் ஒன்றாய் மிஞ்சும். அப்புறம் அவற்றுக்குள்ளேயே பிரிக்க வேண்டும். அதற்கு, அலுமினா தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் கலவையை விட்டு மேலிருந்து கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஊர் சாயக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு சாயம் கலந்த சொட்டு ஈரத்துணியில் விழுந்தால் ஒன்று முந்திப் பரவும், ஒன்று விழுந்த இடத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். குழாயிலும் அப்படியேதான். ஒவ்வொரு சத்தும் தன் வேகத்தில் இறங்கும், ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் பிடித்துக்கொள்ள வேண்டியது.

கேட்கத்தான் சுலபம். 1954-ல் சார்ல்ஸ் பீர் என்ற வேதியியல் நிபுணர் இங்கிலாந்திலிருந்து வந்து நோபிளோடு சேர்ந்தார். ஜமைக்காவிலிருந்து இலை வரவழைத்தார்கள், அப்புறம் கனடாவிலேயே வளர்த்தார்கள். ஒவ்வொரு குப்பியில் இருப்பதையும் எலிக்கு ஏற்றி, வெள்ளை அணு குறைகிறதா என்று எண்ணிப் பார்த்து, குறைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் பிரிப்பது. இதையே திரும்பத் திரும்ப. கடைசியில் படிகமாகத் திரண்டு வந்தது ஒன்று. 1958-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தில் அறிவித்தார்கள். இன்று அதன் பெயர் வின்பிளாஸ்டின்.

அதே நேரத்தில் அமெரிக்காவின் எலை லில்லி கம்பெனியும் இதே செடியைச் சர்க்கரைக்காகவே எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. அங்கே கோர்டன் ஸ்வபோடா என்பவரின் சாறு, இரத்தப் புற்றுநோய் வந்த எலிகளின் ஆயுளை நீட்டியது. அவர்கள் இன்னும் தோண்டி இரண்டாவதாக ஒன்றைப் பிரித்தார்கள். அது வின்கிரிஸ்டின். 1963-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அத்தனை பெரிய மூலக்கூறில் ஒரே ஒரு மூலையில்தான். மற்றபடி அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்று நிணநீர்க் கட்டிப் புற்றுக்கு நன்றாகக் கேட்கிறது, மற்றது குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு. ஒன்று எலும்பு மஜ்ஜையை அதிகம் வாட்டுகிறது, மற்றது நரம்பை.

செல் இரண்டாகப் பிரியும்போது அதன் உள்ளே மெல்லிய இழைகள் ஓடிப் பாவு கட்டியது போல் நிற்குமாம். அந்த இழைகள்தான் மரபுச் சரக்கை இரு பக்கமும் இழுத்துப் பங்கு வைக்கின்றன. இந்த மருந்து அந்த இழையே உருவாகாமல் செய்துவிடுகிறது. பாவு இல்லாத தறியில் துணி ஏது? செல் பிரிய முடியாமல் சாகிறது.

என் பக்கத்துத் தெருவில் தறி ஓட்டும் ஒரு பெரியவரின் பேத்திக்கு அந்த நோய். அவள் பெயர் இங்கே வேண்டாம். சென்னைக்கு அழைத்துப் போய் வைத்தியம். சீட்டில் வின்கிரிஸ்டின் என்று இருந்ததை என்னிடம் காட்டி, "சார், இது என்ன ஊசி?" என்று கேட்டார். தறிக்கூடத்து வாசலில் நின்ற செடியைக் காட்டினேன். பெரியவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஒரு பை நிறைய இலை பறித்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிறார். "ஊசிக்கு ஊருக்குப் போகிற அன்று தவிர மற்ற நாளில் இதைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் என்ன?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதே செடி, அதே சத்து. நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு கிராம் மருந்து எடுக்க அரை டன்னுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். ஒரு தடவை ஏற்றுவது, பெரியவர்களுக்கே, அதிகபட்சம் 2 மில்லிகிராம். அப்படியென்றால் ஒரு ஊசிக்கு ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த இலை. பச்சையாகப் பார்த்தால் அதைப் போலப் பல மடங்கு. அந்த ஒரு கிலோவைக் காய்ச்சினால் வேண்டிய அந்த 2 மில்லிகிராமோடு வேண்டாத 130 பேரும் சேர்ந்து வருவார்கள். ரத்த அழுத்தத்தை இறக்குகிறவர், வாந்தி எடுக்க வைக்கிறவர் என்று பலர். எந்தச் செடியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்கும் கிடையாது. சுத்தமான மருந்தே கொஞ்சம் தவறினால் ஆபத்து. ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டும், முதுகுத் தண்டில் ஏற்றிவிட்டால் உயிரே போய்விடும். பெரியவர் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். பேத்திக்கு இரண்டரை வருஷம் வைத்தியம் நடந்தது. இப்போது மூன்றாம் வகுப்பு.

1960-ஐ ஒட்டிய காலத்தில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்று பிழைப்பதே அபூர்வம். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பிழைக்கிறது. வின்கிரிஸ்டின் ஒன்றே இதைச் செய்யவில்லை, நாலைந்து மருந்துகளின் கூட்டு வேலை. ஆனால் அந்தக் கூட்டில் முதல் வரிசையில் நிற்பவர் நம் சுடுகாட்டுப் பூ.

நடைக் கூட்டத்து நண்பருக்கும் இதே பதில்தான். உங்கள் கஷாயத்தைத்தான் 1952-ல் இன்சுலின் வீட்டுக்காரர்களே சோதித்தார்கள், அவர்கள் தேடிய பலன் அதில் கிடைக்கவில்லை. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம். பாட்டி வைத்தியமே பொய் என்று நான் சொல்லவில்லை. சீனாவில் து யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்குப் பழைய ஏடுகளைப் புரட்டி, காய்ச்சாமல் குளிர்ந்த நீரில் ஊற வைக்கச் சொன்ன ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு 1972-ல் ஆர்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015-ல் நோபல் பரிசு. அங்கே ஏடு சொன்ன நோயும் சரி, செடியும் சரி. காய்ச்சலுக்கும் தொண்டைப் புண்ணுக்கும் சீனர்கள் கொடுக்கும் ஜின் யின் ஹுவா என்ற கொடிப் பூவிலும் இப்போது எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்துதான் தரம் பார்க்கிறார்கள். அளக்கும் சத்துகளில் ஒன்று நம் காபிக் கொட்டையிலும் இருப்பது! செடி சொல்லும் நோய் ஒன்று, உள்ளே இருக்கும் மருந்து வேறொன்று என்று ஆனதற்கு நித்தியகல்யாணி போல் இன்னொரு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அரை டன்னுக்கு ஒரு கிராம் என்பது ஏன் அவ்வளவு கம்மி? இந்த மருந்து இரண்டு சத்துகள் சேர்ந்து உண்டாவது. கதராந்தின் என்று ஒன்று, விண்டோலின் என்று ஒன்று. இலையில் இரண்டுமே தாராளமாக இருக்கின்றன. ஆனால் கதராந்தினைச் செடி இலையின் மேல்தோல் மெழுகில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது, விண்டோலின் இலையின் உள்ளே இருக்கிறது. ஒருவர் திண்ணையில், ஒருவர் உள்ளறையில். சந்தித்தால்தானே கல்யாணம்? இந்த இரண்டு பேரையும் குடுவையில் சேர்த்து வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பியேர் போத்தியே. பாரீசுக்குப் பக்கத்தில் ழிஃப்-சூர்-இவெத் என்ற ஊரில் இயற்கைப் பொருள் வேதியியல் நிறுவனத்தில் இருந்தவர். 1970-களில் அதைச் சாதித்தார். அந்த வழியில் போகும்போது செடியில் இல்லாத புதுத் தம்பி ஒருவரும் பிறந்தார், வினோரெல்பின். 1989-ல் பிரான்சில் நுரையீரல் புற்றுக்கு அனுமதியாகி இன்றுவரை பயன்படுகிறது.

இதில் நம் ஊர்க்காரர்கள் பங்கு? இலை. ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிச் சீமையில் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணியைப் பயிராகவே போடுகிறார்கள். மழை பொய்த்தாலும் நிற்கும், ஆடு மாடு மேயாது, வேலி வேண்டாம். இலை மருந்துக்கு. வேரும் விலை போகும், அதில் அஜ்மாலிசின் என்ற ரத்த ஓட்டத்துக்கான சத்து. மூட்டை கட்டி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பினோம். அங்கே பிரித்து ஊசியாக்கி அவர்கள் விலையில் நமக்கே திருப்பி விற்றார்கள். புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து சிப்லா கம்பெனி இந்த இரண்டு மருந்தையும் 1984-ல் இங்கேயே தயாரித்த பிறகுதான் நிலைமை மாறியது. கும்மிடிப்பூண்டி பக்கம் மருந்துச் சரக்குத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். "தாத்தா, சரக்கு எடுப்பது பெரிசில்லை, ஊற்றின கரைப்பானை வீணாக்காமல் திரும்பப் பிடிப்பதில்தான் லாப நஷ்டம்" என்பான்.

மதகாஸ்கர்காரர்களின் செடியைத் திருடிவிட்டார்கள் என்று கோபமாக எழுதுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படி ஒரே சொல்லில் முடிக்க முடியவில்லை. செடி இருநூறு வருஷம் முன்னாலேயே உலகமெல்லாம் பரவிவிட்டது. மக்கள் சொன்ன நோய் வேறு, கண்டுபிடித்த மருந்து வேறு. ஆனாலும் அந்தத் தபால் உறை வராமல் இருந்தால் யாரும் அந்த எலிகளைப் பார்த்திருக்கப் போவதில்லை. ஜமைக்காவில் அந்த இலையைக் கொதிக்க வைத்த யாரோ ஒருவருக்கு ஒரு காசும் போகவில்லை என்பதும் உண்மை. இன்று இந்தியாவில் 2002-ஆம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, அதற்கான தேசிய ஆணையத்தின் தலைமையகமே சென்னையில்தான். நம் செடியை எடுத்து ஆராய வரும் வெளிநாட்டார் அங்கே விண்ணப்பம் போட வேண்டும், பலன் வந்தால் பங்கு தர வேண்டும். விண்ணப்பங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

2019-ல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது, இன்னொன்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. பணக்கார நாட்டில் குழந்தைகளின் பெற்றோர் ஊசிக்குத் தவித்தார்கள். 2022-ல் டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இருக்கும் விஞ்ஞானிகள், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டுக்குச் செடியின் மரபணுக்களை ஏற்றி அந்தக் கதராந்தினையும் விண்டோலினையும் அதனிடமே செய்ய வைத்து, இரண்டையும் சேர்த்து வின்பிளாஸ்டினும் எடுத்துக் காட்டினார்கள். கிடைத்தது மைக்ரோகிராம் கணக்கில்தான். அது டன் கணக்குக்கு வளர்ந்தால் ஊசிக்குத் தட்டுப்பாடு வராது, ராமநாதபுரத்து மானாவாரிக்காரரின் இலை மூட்டைக்குக் கிராக்கியும் இருக்காது. இரண்டில் எதற்கு நான் ஆசைப்பட வேண்டும் என்று அந்தத் தறிக்காரப் பெரியவரைக் கேட்டேன். "ஊசி கிடைக்கட்டும் சார், இலைக்காரன் வேறு பயிர் போட்டுக்குவான்" என்று சொல்லிவிட்டு அறுந்த இழையை முடிச்சுப் போடப் போய்விட்டார்.